கோடு, கட்டம், வட்டம்

பிக்சர் டியூப் டி.வி. காலத்து மெக்கானிக், படம் மறைந்து திரையின் நடுவே இடமிருந்து வலமாக ஒரே ஒரு வெளிச்சக் கோடு நிற்பதைக் கண்டால், பின்மூடியைக் கழற்றும் முன்பே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். எலெக்ட்ரான் கற்றை பக்கவாட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை மேலிருந்து கீழே இறக்கும் சுற்றுதான் நின்றுபோயிருக்கிறது. வெர்டிகல் ஐ.சி.யையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பார்த்தால் போதும். படம் எப்படி வரையப்படுகிறது என்று அறிந்தவர், அது கெட்டிருக்கும் விதத்திலிருந்து கெட்ட இடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். இன்று அதே வீட்டுச் சுவரில் எல்.இ.டி. டி.வி. தொங்குகிறது. அதில் கோடு விழுந்தாலும், பாதித் திரை இருண்டாலும், சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போனாலும் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: ‘பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க.’ இந்தத் தீர்ப்பு பல நேரம் தவறு. சரியாக இருக்கும்போதும் அது சோதிக்காமலே சொல்லப்படுகிறது. தட்டைத் திரையிலும் கோளாறின் வடிவம் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, பழைய டியூபைவிடத் துல்லியமாகவே. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது அதைத்தான்.

டியூபில் எலெக்ட்ரான் பட்ட இடத்துப் பாஸ்பரே ஒளிர்ந்தது. வெளிச்சத்தையும் படத்தையும் அங்கே பிரிக்க வழியில்லை. தட்டைத் திரையில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் பிறக்கின்றன. படம் பிறப்பது திரவப் படிகத்தில். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலர் பிரீட்ரிஷ் ரைனிட்சர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்று இருமுறை உருகுவதைக் கண்டார். ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸில் அது கலங்கிய திரவமானது, 178 டிகிரியைத் தாண்டியதும் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். திரவம்போல் அசையும், படிகம்போல் அணிவகுத்து நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பும். அவை திரும்பும்போது, தங்கள் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் திசையையும் மாற்றும். இரு போலரைசர் தாள்களுக்கு நடுவே இந்தப் பொருளை வைத்தால் ஒளியை வேண்டிய அளவுக்கு விடவும் தடுக்கவும் முடிகிறது. திரவப் படிகம் தானாக ஒரு துளி வெளிச்சமும் தருவதில்லை. எல்.இ.டி. டி.வி. என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை எல்.சி.டி. பேனல்கள்தான், எல்.இ.டி. அதன் பின்னால் எரியும் விளக்கு. ஃபுல் எச்.டி. பேனலில் 1920 படப்புள்ளிகள் அகலத்திலும் 1080 உயரத்திலும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சன்னல்கள். மொத்தம் 62,20,800. இத்தனைக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க முடியாது. ஆகவே 5760 நிரல்களும் 1080 நிரைகளும் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணாடியில் பதிக்கப்பட்டு, அவை சந்திக்கும் இடமெல்லாம் ஒரு டிரான்சிஸ்டர் வைக்கப்படுகிறது. ஒரு நிரை திறக்கும், நிரல்கள் எல்லாம் தத்தம் மின்னழுத்தத்தைக் கொட்டும், நிரை மூடும், அடுத்தது திறக்கும். நொடிக்கு 50 அல்லது 60 முறை திரை முழுவதும் இப்படி நிரப்பப்படுகிறது. இந்தக் கண்ணாடிக்கு நேர்கோடு மட்டுமே தெரியும். அதற்கு முன்னால், சிக்னலாக வரும் படம் சிறு சதுரங்களாகச் சுருக்கி அனுப்பப்படுகிறது. பின்னாலிருக்கும் விளக்குகளோ வட்டமாக ஒளி பரப்புகின்றன. ஆக, கோடு கண்ணாடியையும் அதை இயக்கும் சில்லுகளையும் சுட்டுகிறது, கட்டம் சிக்னலைச் சுட்டுகிறது, வட்டம் விளக்கைச் சுட்டுகிறது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பிறகு பார்ப்போம்.

விளக்கிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அநியாயமாகப் பேனல் தலையில் கட்டப்படும் பழிகளில் விளக்கின் கோளாறே முதன்மையானது. சத்தம் வருகிறது, சேனல் மாறுகிறது, திரை மட்டும் கருப்பு. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால், திரவப் படிகம் வேலை செய்கிறது, நிரல்களும் நிரைகளும் வேலை செய்கின்றன, அவற்றை ஆட்டிவைக்கும் டி-கான் போர்டும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன. இல்லாதது வெளிச்சம் மட்டுமே. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், ஒரு நிமிடத்தில், டி.வி.யின் விலையில் பெரும்பகுதியான பேனல் நிரபராதி என்று இந்தச் சோதனை சொல்லிவிடுகிறது. பிறகு விளக்கு எப்படிச் செத்தது என்று பார்க்கலாம். பேனலுக்குப் பின்னால் உள்ள எல்.இ.டி.க்கள் பட்டைகளில் தொடரிணைப்பாகக் கோக்கப்பட்டவை. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் என்றால், 20 விளக்குகள் கொண்ட வரிசைக்கு 60 வோல்ட் வேண்டும். திருவிழாப் பந்தலில் தொங்கும் சீரியல் செட்டில் ஒரு பல்பு அறுந்தால் சரம் முழுவதும் அணைவதுபோல, இங்கும் ஒன்று அறுந்தால் வரிசையே அணையும். டிரைவர் சுற்று மின்னோட்டத்தைச் செலுத்த முயன்று மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்க்கும், எல்லை தாண்டியதும் பாதுகாப்புக்காக எல்லா வரிசைகளையும் நிறுத்திவிடும். ஆன் செய்ததும் திரை ஓரிரு நொடி ஒளிர்ந்து அணைகிறது என்று வீட்டார் சொன்னால், அந்த ஓரிரு நொடிதான் மிகப் பெரிய தடயம். மாறாக, ஒரு விளக்கு அறுந்துபோகாமல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டால் மின்னோட்டம் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். மற்றவை எரியும், அந்த ஒரு இடத்தில் மட்டும் நிழல் திட்டு தெரியும். ஒரே பட்டையில் நிகழும் இருவகைச் சாவும் திரையில் இருவிதமாகத் தெரிகின்றன.

திரையில் பளிச்சென்ற வெள்ளை வட்டங்கள் ஒன்றிரண்டாகத் தோன்றிப் பெருகினால், அதுவும் விளக்கின் கதைதான். ஒவ்வொரு எல்.இ.டி. மீதும் ஒளியைப் பரப்புவதற்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டப்பட்டிருக்கும். வெப்பத்தில் பசை விட்டு லென்ஸ் கழன்றால் ஒளி பரவாமல் ஒரே இடத்தில் குவியும். படம் முழுவதும் நீலமோ ஊதாவோ பூத்துப்போவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் நீல எல்.இ.டி. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த அந்த நீல விளக்கின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். பாஸ்பர் சூட்டில் நலிந்தால் அடியில் இருந்த நீலம் வெளியே வருகிறது. இதை மெனுவில் நிறத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. இந்த எல்லாக் கோளாறுகளுக்கும் பகைவன் வெப்பம். பேக்லைட்டை எப்போதும் 100-இல் வைத்திருப்பது அந்த வெப்பத்தை நாமே ஊட்டி வளர்ப்பதாகும். வீட்டு அறைக்கு அவ்வளவு வெளிச்சம் பெரும்பாலும் தேவைப்படாது. பட்டையில் செத்த ஒரு விளக்கை மட்டும் மாற்றுவதும் சரியான வைத்தியம் இல்லை. மற்றவையும் அதே சூட்டில் அதே காலம் எரிந்தவை, அடுத்தடுத்து விழும். முழு செட்டையும் மாற்றிவிட்டு, டிரைவர் சுற்றில் மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடையின் மதிப்பைக் கூட்டி மின்னோட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும் டெக்னீஷியன், அந்த டி.வி.க்கு ஆயுளைச் சேர்க்கிறார்.

அடுத்தது கோடு. இங்கேதான் வடிவம் வியக்கத்தக்க நுட்பத்தோடு பேசுகிறது. சாதாரணப் பேனலில் ஒரு நிரல் முழுவதும் ஒரே நிறத்துச் சன்னல்கள்தான் இருக்கும். எனவே செங்குத்தாக மயிரிழை போன்ற கோடு ஒன்று விழுந்து அது சுத்தச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால், 5760 நிரல்களில் ஒரே ஒரு நிரல் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. வெள்ளைத் திரையில் அந்தக் கோடு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமாகத் தெரிந்தால் பச்சை நிரல் ஒன்று செத்திருக்கிறது. மிச்சமிருக்கும் சிவப்பும் நீலமும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன. வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தாலே இதை யாரும் கண்டுகொள்ளலாம். கிடைமட்டக் கோடு இப்படி ஒற்றை நிறமாக இருக்காது, ஏனென்றால் ஒரு நிரையில் மூன்று நிறங்களும் மாறி மாறி இருக்கின்றன. கோடு இல்லாமல் பட்டையாகவே படம் போயிருந்தால் அகலத்தை அளக்க வேண்டும். 43 அங்குல டி.வி.யின் திரை அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். 960 நிரல்களை இயக்கும் சில்லு ஆறு இருந்தால் 5760 நிரல்களும் அடங்கிவிடும். அப்படியானால் ஒரு சில்லின் ஆட்சிப் பரப்பு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். கெட்ட பட்டையும் அதே அகலம் என்றால், கண்ணாடியின் விளிம்பில் மெல்லிய பிலிமில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட சில்லையே, சி.ஓ.எஃப். என்று கடைக்காரர்கள் சொல்லும் பாகத்தையே, ஓர் அளவுகோல் அடையாளம் காட்டிவிட்டது.

கோடு எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை முழு நீளத்துக்கும் போகும் செங்குத்துக் கோடு, விளிம்பில் சில்லிலோ அந்த பிலிம் கண்ணாடியோடு ஒட்டும் இடத்திலோ பிழை என்கிறது. திரையின் நடுவே ஓரிடத்தில் தொடங்கி அங்கிருந்து ஒரு முனைவரை மட்டும் ஓடும் கோடு, கண்ணாடிக்குள் கம்பியே அந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்கிறது. மின்னழுத்தம் அதுவரை வருகிறது, அதற்கப்பால் போகவில்லை. முதல் வகைக்குப் பாண்டிங் மெஷின் உள்ள கடையில் வழியுண்டு. பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, செங்குத்தாக மட்டும் மின்சாரம் கடத்தும் பசைப்படலம் ஒன்று இருக்கிறது. சூடும் அழுத்தமும் தந்து அதைப் புதிதாக ஒட்ட முடியும். இரண்டாம் வகைக்கு வழி இல்லை, முயல்வது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. கோடு முடியும் இடத்தில் சட்டத்தை விரலால் மெல்ல அழுத்தும்போது கோடு மறைந்து திரும்பினால் ஒட்டுதல்தான் விட்டிருக்கிறது. அதற்காக அங்கே காகிதத்தை மடித்துச் செருகி அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது. இந்த ஒட்டுதலுக்கு நாமே செய்யும் கேடு ஒன்று உண்டு. திரையில் நேராக நீரையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ பீய்ச்சினால் அது வழிந்து கீழ் விளிம்புச் சட்டத்துக்குள் இறங்கும், அங்கிருக்கும் நுண்கம்பிகளை அரிக்கும். லேசாக ஈரமாக்கிய மென்துணியால் துடைத்தால் போதும்.

கட்டத்துக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். மழை கொட்டும்போது டி.டி.எச். படம் சதுரம் சதுரமாகச் சிதறி உறைவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். கேயூ அலைவரிசையின் நுண்ணலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன; சுருக்கப்பட்ட படத்தின் சதுரங்கள் சில வந்து சேரவில்லை. பேனலுக்குச் சதுரம் என்ற ஒன்றே தெரியாது. இதை உறுதிசெய்ய ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தினால் போதும். மெனு எழுத்துகள் டி.வி.யின் மெயின் போர்டிலேயே உருவாகின்றன. பின்னால் படம் சிதறியிருக்க மெனு மட்டும் சுத்தமாகத் தெரிந்தால் கோளாறு செட்டாப் பாக்ஸிலோ கேபிளிலோ டிஷ்ஷிலோ இருக்கிறது. மெனுவின் மேலும் கோடு ஓடினால் கோளாறு மெயின் போர்டிலிருந்து கண்ணாடிவரை உள்ள பாதையில் எங்கோ இருக்கிறது. விலை உயர்ந்த சில டி.வி.க்களில் பின்விளக்குகள் மண்டலம் மண்டலமாகத் தனித்தனியே கூடிக் குறையும். அவற்றில் ஒரு மண்டலம் கெட்டாலும் கட்டம் தெரியும், ஆனால் அந்தக் கட்டம் இடம் மாறாது, காட்சி மாறினாலும் அங்கேயே இருக்கும்.

இந்த வாதத்துக்கு அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் சொல்லும் மறுப்பு வலுவானது: ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு, வடிவத்தை நம்பினால் ஏமாறுவோம். உண்மைதான். டார்ச் சோதனையில் உருவம் தெரிந்தால் பேனல் நிரபராதி என்பது உறுதி. தெரியாவிட்டால் பேனல் குற்றவாளி என்று ஆகாது. டி-கான் போர்டின் சிறு ஃபியூஸ் போயிருந்தாலும் உருவம் வராது. முழுக் கருப்பு என்ற அறிகுறிக்கு வடிவமே இல்லை. இங்கே வடிவம் முடிகிறது, பிரித்துப் பார்த்தல் தொடங்குகிறது. பல பேனல்களில் டி-கான் போர்டிலிருந்து இரண்டு தட்டைக் கேபிள்கள் போகின்றன, ஒன்று இடது பாதிக்கு, ஒன்று வலது பாதிக்கு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இடது கேபிளைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யும்போது வலது பாதியில் படம் வந்துவிட்டால், இடது பாதியில் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அது பொதுவான மின்னழுத்தத்தைக் கீழே இழுத்து முழுத் திரையையும் அணைத்திருக்கிறது. டி-கான் போர்டில் அளவெடுக்கும் புள்ளிகளின் பெயர்கள் பல நேரம் அச்சிடப்பட்டே இருக்கும். நிரையைத் திறக்கும் மின்னழுத்தம் 25 முதல் 35 வோல்ட்வரை இருக்கும், மூடும் மின்னழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே சில வோல்ட் இருக்கும், நிரல்களுக்கான முதன்மை மின்னழுத்தம் 15 முதல் 18 வோல்ட் அளவில் இருக்கும். பேனலோடு இணைத்திருக்கும்போது இவை சரிந்து, கேபிள்களைக் கழற்றியதும் நிமிர்ந்தால் சுமை பேனலுக்குள் இருக்கிறது. கழற்றிய பின்னும் எழவில்லை என்றால் டி-கான் போர்டோ அதற்கு வரும் 12 வோல்ட்டோ காரணம். ‘பேனல் போச்சு’ என்ற வாக்கியத்தை ஒருவர் உரிமையோடு சொல்லலாம் என்றால், இப்படி அளந்த பிறகே சொல்லலாம். ஆக, அறிகுறிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன என்ற மறுப்பு, கூடுதலாக ஒரு சோதனை வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது. சோதனையே வேண்டாம் என்பதை அது நிறுவவில்லை.

இன்னொரு மறுப்பு தொழிலின் அவசரத்திலிருந்து வருகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் போர்டுகளும் எல்.இ.டி. பட்டைகளும் கிடைக்கின்றன, மணிக்கணக்கில் அளந்துகொண்டிருப்பதைவிட ஒரு போர்டை மாற்றிப் பார்ப்பது வேகம் இல்லையா? ஒரு நாளைக்குப் பல டி.வி.க்களைப் பார்த்தாக வேண்டியவரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. மாற்றிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், எதைச் சந்தேகித்து மாற்றுகிறோம் என்று தெரிந்திருந்தால். தெரியாமல் மாற்றும்போது இரண்டு விபத்துகள் நடக்கின்றன. ஷார்ட் ஆன பேனலோடு இணைத்த புதிய டி-கான் போர்டு பழையது போன வழியிலேயே போகலாம். அல்லது, டி.வி. மாடல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிய போர்டு பொருந்தாமல் நிறங்கள் தலைகீழாகும், படம் இரட்டையாகும். ஒரே மாடல் எண்ணின் கீழ் வெவ்வேறு பேனல்கள் பொருத்தி விற்கப்படுவது வழக்கம். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் பேனல் எண்ணே அங்கு முக்கியம். பவர் போர்டை மாற்றும் முன் அதிலுள்ள மின்தேக்கிகளைக் கண்ணால் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது; தலை உப்பியிருந்தால் போர்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். டி.வி. குளிர்ந்திருக்கும்போது படம் தடுமாறி, சூடேறியதும் சரியாகிறது என்றால் உள்திரவம் வற்றிய மின்தேக்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நேர்மின்னாக்கப்பட்டதும் பெரிய மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கலாம். டார்ச், மெனு, நிறப் படங்கள், அளவுகோல் ஆகிய நான்கும் யார் கையிலும் இருக்கலாம். பின்மூடிக்கு உள்ளே இருப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

கடைசி மறுப்புக்குப் பாதி இணங்கியே ஆக வேண்டும். புதிய பேனல்களில் நிரைகளை இயக்கும் சுற்று கண்ணாடியின் மேலேயே அச்சாகிவிடுகிறது, டி-கான் போர்டு மெயின் போர்டோடு கலந்துவிடுகிறது, ஓ.எல்.இ.டி. திரையில் பின்விளக்கே இல்லாததால் டார்ச் சோதனைக்கும் இடமில்லை. மாற்றக்கூடிய பாகங்கள் குறைகின்றன. விழுந்து உடைந்த கண்ணாடியில் மை கசிந்ததுபோன்ற கறையும் சிலந்திவலைக் கீறல்களும் தெரிந்தால் அங்கே யாரும் எதுவும் செய்வதற்கில்லை. அதைத் தயங்காமல் சொல்வதும் நல்ல நோயறிதலின் பகுதியே. பட்டைகளை மாற்றுவதற்காக மெல்லிய பேனலைத் தூக்கும்போது நல்ல பேனல் உடைந்துபோகும் ஆபத்தும் உண்டு. ஆனால் பாகம் மாற்ற முடியாமல் போவது ஒன்று, பாகம் கிடைக்காமல் செய்யப்படுவது வேறொன்று. 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, திரைக்கருவிகளுக்கான உதிரிபாகங்களை, கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது 7 ஆண்டுகள் தர வேண்டும் என்கிறது. தொழில்முறையில் பழுதுபார்ப்பவர்களுக்கான பட்டியலில் உள் பவர் சப்ளை இருக்கிறது, இணைப்பிகள் இருக்கின்றன, 400 மைக்ரோஃபாரட்டுக்கு மேற்பட்ட மின்தேக்கிகள் இருக்கின்றன. பின்விளக்குப் பட்டையும் டி-கான் போர்டும் அதில் இல்லை. மின்தேக்கிகள் உப்பி வெடித்த காலத்தின் அனுபவத்தை அந்தப் பட்டியல் நன்றாகப் பதிந்திருக்கிறது, இன்று டி.வி.க்கள் எதனால் சாகின்றன என்பதைப் பதியவில்லை. இந்தியாவில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அந்த முயற்சி டி.வி. விஷயத்தில் பயன் தர வேண்டுமானால் உற்பத்தியாளர்களிடம் கேட்க வேண்டியவை மூன்று: ஒவ்வொரு மாடலிலும் எந்தெந்தப் பேனல் எண்கள் பொருத்தப்பட்டன, டி-கான் போர்டின் அளவுப் புள்ளிகளில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், பின்விளக்குப் பட்டைகள் எத்தனை ஆண்டுகள்வரை விற்பனைக்குக் கிடைக்கும்.